விழும் இடத்திற்கும் நாமே பொறுப்பு

திருமணம், திருவிழா, புத்தாண்டு முதலிய மகிழ்ச்சி நாட்களில் வானை நோக்கித் துப்பாக்கி சுடும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உண்டு. நம் நாட்டில் உத்தரப்பிரதேசம், பீகார் முதலிய வட மாநிலத் திருமண ஊர்வலங்களில் இதனைக் காணலாம். “வானை நோக்கித்தானே சுடுகிறோம், யாருக்கு என்ன தீங்கு?” என்பது சுடுவோர் வாதம். அது சரியா என்று ஆராய்வோம்.

மேலே சென்ற குண்டு வானில் கரைந்துவிடுவதில்லை. நேர் மேலாகச் சுட்ட குண்டு திரும்பி விழும்போது வினாடிக்கு ஏறத்தாழ 90 மீட்டர் வேகம் கொள்ளக்கூடும். சாய்வாகச் சுட்டால் வேகம் இன்னும் மிகும். மண்டையோட்டைத் துளைக்க அவ்வேகம் போதும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மருத்துவமனை ஒன்றிற்கு 1985 முதல் 1992 வரை இவ்வாறு காயமுற்று வந்தோர் 118 பேர். அவருள் 38 பேர் உயிர் நீத்தனர். ஆகவே அந்நகரக் காவல் துறையினர் புத்தாண்டுக்கு முன் மக்களை எச்சரித்து வருகின்றனர். நம் நாடாளுமன்றமும் 2019ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தைத் திருத்தியது. பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி கொண்டாட்டத்தில் சுடுவோருக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

“நம் இராமநாதபுரக் கடற்கரையில் துப்பாக்கி ஏது?” என்று பிள்ளைகள் கேட்கலாம். துப்பாக்கி இல்லை, ஆனால் அதே வாதம் உண்டு. தீபாவளி இரவில் ராக்கெட் வெடி கொளுத்துவோரும் “வானத்திற்குத்தானே” என்கின்றனர். கடற்காற்று அதனை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை யார் அறிவார்? பாம்பன், தனுஷ்கோடி முதலிய கரையோரங்களில் ஓலைக் கூரைகளும், எளிதில் உருகும் நைலான் வலைகளும் உள்ளன. ஒரு வலை கருகினால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு கெடும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கு நீர்ப்பறவைகள் கூடு கட்ட வருவதும் அப்பருவத்திலேயே. அண்டைச் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிப் பறவைகளின் பொருட்டுப் பல்லாண்டுகளாகத் தீபாவளி வெடியைத் துறந்து வாழ்கின்றனர்.

தீபாவளி நமக்குப் பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய திருநாள். கொல்லும் எண்ணம் இல்லையெனில் குற்றமில்லை என்று சிலர் கருதுவர். நம் அறநூல்களோ கவனமற்ற செயலால் உயிருக்கு ஊறு நேர்வதையே இம்சை என்கின்றன. எறிந்தவரின் பொறுப்பு எறிந்த இடத்தோடு முடிவதில்லை. விழும் இடம் வரை செல்கிறது.

இல்லத்தில் பின்பற்ற வேண்டியவை:

1. விளக்கேற்றி வழிபடுவதே சிறப்பு. ராக்கெட் வெடியை அறவே விலக்குவோம்.

2. மத்தாப்புக் கொளுத்தும் பிள்ளைகளுடன் பெரியவர் ஒருவர் இருத்தல் வேண்டும். அருகில் ஒரு வாளி நீர் இருக்கட்டும்.

3. உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒட்டித் தமிழக அரசு வகுத்த காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்னும் நேரங்களை மீறலாகாது.

4. தீக்காயத்தின்மேல் மை, பற்பசை பூசாமல், 20 நிமிடம் தூய குளிர்ந்த நீர் ஊற்றுக. தீ பரவினால் 101, மருத்துவ உதவிக்கு 108.

சிந்திக்க: நாம் கொளுத்தியது பிறர் கூரையில் விழுந்தால், “தெரியாமல் நேர்ந்தது” என்பது விடையாகுமா? இவ்வினாவைப் பெற்றோர் பண்டிகைக்கு முன்பே பிள்ளைகளிடம் கேட்பாராக.