குடும்பச் செலவு: புகைவண்டியோ, ஆகாய விமானமோ?

செலவு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் வழிச்செல்லுதல் என்பது பொருள். பொருள் தேடப் புறப்படக் கருதிய தலைவன், தலைவியின் வருத்தங் கண்டு தன் போக்கினைத் தவிர்தலைச் செலவழுங்குதல் என அகப்பொருள் நூலார் வகுத்தனர். பிற்காலத்தே அச்சொல் கைப்பொருள் போதலையே பெரிதுங் குறிப்பதாயிற்று. வழிச்செல்லுதலும் பணஞ் செல்லுதலும் ஒரு சொல்லுள் அடங்கிய இப்பொருத்தம், குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் போவார்க்கு நன்கு விளங்கும்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் முதலிய நம் ஊர்களினின்று சென்னைக்குச் சென்று மீளுங் குடும்பங்கள் மிகப் பல. மகன் அங்கே வேலையில் இருப்பான். மகள் அங்கே வாழ்க்கைப்பட்டிருப்பாள். அல்லது முதியவர் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேரும். முன்னாளில் இன்னோர்க்கு நெடுவழிக்கு உற்ற துணை புகைவண்டியே. இன்றோ மதுரையினின்று குறைகட்டண விமானங்களும் பறக்கின்றன. ‘ஒன்றேகால் மணி நேரத்திற் சென்னை சேரலாமாயின், புகைவண்டியில் ஓர் இரவைக் கழிப்பானேன்?’ என்னும் வினா இப்பொழுது பல இல்லங்களிலும் எழுகின்றது. அவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். சீட்டின் விலை ஒன்றே கொண்டு விடை காண்டல் பொருந்தாது; காலம், பொருள், உடன்செல்லும் ஆள் என்னும் மூன்று கணக்கும் பார்த்தல் வேண்டும்; அவற்றுள் ஆட்கணக்கே தலைமையுடையது என்பது யாம் இங்கு நிறுவக் கருதியது.

இரு வழிகளின் வரலாறு

மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை 1876-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அப்பாதையில் அமைந்த விருதுபட்டி 1923-ல் விருதுநகர் எனப் பெயர் பெற்றது. சிவகாசிக்கோ அந்நலம் நெடுநாள் வாய்த்திலது. தீப்பெட்டித் தொழிலைக் கற்கும் பொருட்டு 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற்குப் புறப்பட்ட ஞான்று, அவர்தம் ஊரிற் புகைவண்டி நிலையமே இல்லை. விருதுநகரினின்று பிரிந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகத் தென்காசி செல்லும் பாதை 1927-லேயே வந்தது. இன்று அப்பாதையிற் பொதிகை விரைவுவண்டியும் கொல்லம் விரைவுவண்டியும் சென்னைக்கு ஓடுகின்றன. 2023 செப்டம்பர் 24-ல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி – சென்னை வந்தே பாரத் வண்டி விருதுநகரில் நின்று செல்கின்றது. இவ்வண்டியை இயக்குவது மின்சாரம். புகை போயிற்று, புகைவண்டி என்னும் பெயர் மட்டும் நம் நாவில் நின்றது.

குறைகட்டண விமானத்தின் வரலாறு நனி இளையது. ஐரோப்பாவில் அயர்லாந்து நாட்டு ரயன்ஏர் 1985-லும், இங்கிலாந்து நாட்டு ஈசிஜெட் 1995-லும் பறக்கத் தொடங்கின. இந்தியாவில் அவ்வழியைத் திறந்தவர் கருநாடகத்துக் கேப்டன் கோபிநாத் ஆவர். அவர் நிறுவிய ஏர் டெக்கான் 2003-ல் தன் தொழிலைத் தொடங்கிற்று. 2020-ல் வெளிவந்த ‘சூரரைப் போற்று’ என்னும் திரைப்படம் அவர் வரலாற்றைத் தழுவி, கதைத்தலைவனைச் சோழவந்தான் ஊரினனாக்கிக் காட்டிற்று. ஏர் டெக்கான் பிற்றைநாள் மற்றொரு நிறுவனத்துள் மறைந்ததாயினும், அது காட்டிய நெறியில் 2006-ல் தோன்றிய இண்டிகோ இன்று நாடெங்கும் பறக்கின்றது.

இந்நிறுவனங்கள் சீட்டின் விலையைக் குறைக்குமாறு எங்ஙனம்? ஒரே வகை விமானத்தைப் பெரும்பாலும் வைத்துக்கொள்ளுதல். இறங்கிய விமானத்தைத் தரையில் நெடுநேரம் நிறுத்தாது மீண்டும் பறக்கவிடுதல். உணவு, விரும்பிய இருக்கை, மிகுதியான மூட்டை ஆகியவற்றிற்குத் தனித்தனியே விலை பெறுதல். இருக்கைகள் நிறைய நிறையக் கட்டணத்தை உயர்த்துதல் என்பனவாம். இவற்றுள் பின்னிரண்டும் தனியே செல்லும் இளைஞனைப் பெரிதுந் தாக்கா, குடும்பத்தையே தாக்கும். தோளில் ஒரு பையுடன் எந்நாளிலும் புறப்பட வல்லவனுக்கு மலிவாய் அமைந்த சீட்டு, பள்ளி விடுமுறையும் பண்டிகையும் பார்த்தே புறப்படக்கூடிய அறுவர் குடும்பத்திற்கு அங்ஙனம் அமைவதில்லை.

காலக் கணக்கு

விமானம் வானில் இருக்கும் நேரம் ஒன்றேகால் மணியே. ஆயின் குடும்பத்தின் பயணம் வானில் தொடங்குவதன்று. வீட்டு வாயிலிற் பூட்டுப் பூட்டும்பொழுது தொடங்கி, மகன் வீட்டு வாயிலிற் செருப்புக் கழற்றும்பொழுது முடிவது. விருதுநகரினின்று மதுரை விமான நிலையம் காரில் ஒரு மணி. இரண்டு மணி முன்னதாக வருக என்பது விமான நிறுவனத்தாரின் அறிவுரை. பறத்தல் ஒன்றேகால் மணி. மூட்டை பெறுதல் அரை மணி. சென்னை நகருட் புகுந்து வீடு சேர்தல் ஒரு மணி. ஆக ஐந்தேமுக்கால் மணி. வந்தே பாரத் வண்டியோ விருதுநகரினின்று எழும்பூர் சேர ஏறக்குறைய ஆறரை மணி கொள்ளும். இரு புறத்தும் வீட்டிற்கும் நிலையத்திற்குமாக ஒன்றேகால் மணி கூட்டின் ஏழேமுக்கால் மணியாம். ஒன்றேகாலுக்கும் ஓரிரவிற்கும் உள்ள வேற்றுமையாகத் தோன்றியது, எண்ணிப் பார்க்கின் இரண்டு மணி வேற்றுமையாகச் சுருங்கிற்று.

இனிச் சிவகாசியை நோக்குவோம். மதுரை விமான நிலையம் அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். புகைவண்டி நிலையமோ ஊரிலேயே உளது. முன்னிரவிற் பொதிகை வண்டியில் ஏறியவர் உறங்கி எழுந்து விடியலிற் சென்னையைக் காண்பர். அவ்விரவு வழியிற் கழிந்ததாயினும் பகல் ஒன்றும் குறைந்திலது. இது சிறு நலமன்று. பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் தீப்பெட்டி ஆலையிலும் உழைப்பார் பலர், செய்த வேலைக்கும் வந்த நாளுக்கும் ஏற்பவே கூலி பெறுவர். சனிக்கிழமை வேலை முடித்து இரவு புறப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை பேரன் முகங் கண்டு, அன்றிரவே மீண்டு, திங்கட்கிழமை காலை வேலைக்கு நிற்றல் இரவு வண்டியாற் கூடும். பகல் விமானத்திற் செல்வார் ஒரு நாட் கூலியையும் சீட்டின் விலையோடு கூட்டிக்கொள்ளல் வேண்டும். விளம்பரங்கள் இக்கூட்டலைச் செய்து காட்டுவதில்லை.

பொருட் கணக்கு

பாட்டனும் பாட்டியும், தாயும் தந்தையும், எட்டு வயதுச் சிறுமியும், மூன்று வயதுச் சிறுவனுமாகிய அறுவர் செல்வதாகக் கொள்வோம். விமானத்தில் இரண்டு வயது நிரம்பிய குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கவேண்டும். ஆகவே சீட்டு ஆறு. புகைவண்டியில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேளாவிடின் கட்டணமே இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதிற்குட்பட்ட சிறுவர்க்குத் தனிப் படுக்கை வேண்டாவெனின் அரைக் கட்டணம். வேண்டுமெனின் 2016 முதல் முழுக் கட்டணம். ஆகவே புகைவண்டியிற் சீட்டு நான்கரை அல்லது ஐந்து.

மூட்டையை நோக்கின் வேற்றுமை இன்னும் பெரிது. உள்நாட்டு விமானத்திற் பொதுவாக ஆளொன்றுக்கு 15 கிலோ மூட்டையும் 7 கிலோ கைப்பையும் கட்டணமின்றிக் கொள்ளலாம். புகைவண்டியின் படுக்கை வகுப்பில் ஆளொன்றுக்கு 40 கிலோ கொள்ளலாம். நம்மூர்த் தாய்மார் சென்னைக்கு வெறுங்கையோடு போவாரல்லர். அரிசியும் பருப்பும், வற்றலும் வடகமும், செக்கெண்ணெயும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும், சாத்தூர்க் காராச்சேவும் மூட்டையில் ஏறும். இவை மகள் குடும்பத்திற்கு ஒரு மாதச் செலவை மிச்சப்படுத்துவன. அன்பின் பாரமேயாயினும் தராசு அதனை அறியாது.

இனிப் பண்டிகைக் காலத்தில் விமானக் கட்டணம் பன்மடங்கு உயர்தலும் உண்டு. பொதிகை போன்ற விரைவுவண்டிகளில் முன்னதாகவே பதிவு செய்தார்க்குத் தீபாவளிக்கு முன்னாளும் வேறெந்நாளும் கட்டணம் ஒன்றே. ஆயின் அங்கே உயர்வது விலையன்று, காத்திருப்போர் வரிசை. 2024 நவம்பர் முதல் பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகவே பதிவு தொடங்குகின்றது. டிசம்பர் 23-ஆம் நாள் கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பக் கருதுவார், அக்டோபர் 24-ஆம் நாள் காலை 8 மணிக்கே விழிப்பாயிருத்தல் வேண்டும். அந்நாளைத் தவறவிட்டார் பலர்க்கு விமானமும் எட்டாது, புகைவண்டியும் கிட்டாது, பேருந்தே கதியாம். நம் பக்கத்திற்கு இரவு வண்டிகள் இன்னும் மிகுதல் வேண்டும் என்னும் முறையீடு இக்காரணத்தால் நியாயமுடைத்து.

ஆட்கணக்கு

குடும்பம் செல்லும் விரைவு, அதனுள் மிக மெதுவாய் நடப்பவரின் விரைவேயாம். ஆகலின் வழியைத் தேர்பவர், தம் வசதியை அளவாகக் கொள்ளாது, உடன்வருவாருள் மெலிந்தவர் யாரென முதற்கண் காணல் வேண்டும்.

முழங்கால் நோயுடைய பாட்டிக்கு இரவு வண்டியிற் கீழ்ப்படுக்கை கிடைப்பின் அதனினும் நன்று பிறிதில்லை. 60 வயது கடந்த ஆடவர்க்கும் 45 வயது கடந்த மகளிர்க்கும் கீழ்ப்படுக்கையில் முன்னுரிமை உண்டு. முதியோர்க்கு முன்னிருந்த கட்டணச் சலுகை மட்டும் 2020 மார்ச்சில் நின்றுபோயிற்று. புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்வார்க்குச் சான்றிதழ் காட்டிப் பெறும் சலுகை தொடர்கின்றது. இதனை அறியாது முழுக் கட்டணம் கொடுப்பார் உளராதலின் இங்குக் குறித்தோம். ஆயின் மேற்படுக்கையே கிடைத்ததெனின், பாட்டிக்கு அவ்விரவு துன்பமே.

விமானத்திற்கும் இவ்வகையிற் சிறப்புண்டு. நடக்கவியலாதார்க்குச் சக்கர நாற்காலி கொணர்ந்து வாயில் முதல் இருக்கை வரை துணைபுரிவர். நெடுநேரம் அமரவும் கிடக்கவும் மாட்டாத நோயாளிக்கு, மருத்துவர் இசைவு பெற்ற பின், ஒன்றேகால் மணிப் பறத்தலே ஏற்றதாகலாம். தந்தை உயிர் ஊசலாடுகின்றது எனச் செய்தி வந்த மகனுக்குக் கட்டணங் கருதும் பொழுது அதுவன்று. தில்லிச் செலவும் அவ்வாறே. கன்னியாகுமரியினின்று புறப்படும் திருக்குறள் விரைவுவண்டி தில்லி சேர ஏறக்குறைய இரண்டு முழு நாளாகும். கைக்குழந்தையோடும் முதியோரோடும் அத்துணை நேரம் அடைபட்டிருத்தலினும் விமானம் நன்று.

நம் ஊர்க்கே உரிய தடை

சிவகாசியார் எவ்வழியிற் செல்லினும் மறவாது காக்கவேண்டிய விதியொன்று உளது. பட்டாசும் மத்தாப்பும் புகைவண்டியிலும் ஏற்றலாகா. விமானத்திற் கைப்பையிலும் மூட்டையிலும் ஏற்றலாகா. 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டப்படி ஆபத்தான பொருளை வண்டியிற் கொண்டுசெல்வார்க்கு மூன்றாண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ‘பேரனுக்கு ஒரு பெட்டி மட்டும்’ என்று துணிகளுக்கு நடுவே மறைத்தல் அன்பெனத் தோன்றும். மூடிய பெட்டியுள் உறங்கும் பல பேர் உயிரை அது பணயம் வைப்பதாகும். வெடிமருந்தின் வலியை நம்மினும் அறிந்தார் யார்? நாமே அவ்விதியைக் காத்தல் கடன்.

ஐரோப்பியர் கண்ட வழி

இவ்வினா நமக்கே உரியதன்று. பாரிஸ் நகரின் பெயரைத் தாங்கிய போவே விமான நிலையத்திற் குறைகட்டண விமானங்கள் பல இறங்குகின்றன. அது பாரிஸினின்று ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவிலுளது. குழந்தைகளோடு இறங்குங் குடும்பத்தார் அங்கிருந்து மீண்டும் பேருந்தேறல் வேண்டும். புகைவண்டியோ நகரின் நடுவே கொண்டு சேர்க்கும். பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே 1981-ல் ஓடத் தொடங்கிய அதிவிரைவு வண்டி இரண்டு மணியளவிற் சேர்க்கின்றது. புகைவண்டியில் இரண்டரை மணிக்குள் செல்லக்கூடிய ஊர்களுக்கு இடையே சில விமானப் போக்குகளைப் பிரெஞ்சு அரசினர் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கினர். 2023 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. வானை மாசுபடுத்தலில் விமானத்தினும் புகைவண்டி மிகக் குறைந்தது என்பதே அதற்குக் காரணம். நம் வண்டிகள் அவ்விரைவை இன்னும் எய்தவில்லை. ஆயினும் நம்மிடம் உள்ள இரவுப் படுக்கை வண்டிகளை ஐரோப்பிய நாடுகள் சில மீண்டும் விரும்பி ஓட்டுகின்றன.

முடிபு

இரண்டும் பிழையாதன என்று கொள்ளற்க. 2025 டிசம்பர்த் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் பல்லாயிரக்கணக்கானோர் தவிக்க நின்றன. 2023 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் செந்தூர் விரைவுவண்டிப் பயணிகள் ஏறக்குறைய 800 பேர் ஸ்ரீவைகுண்டத்தில் அகப்பட்டு வருந்தினர். ஆகலின் மருத்துவர் குறித்த நாளோ, தேர்வு நாளோ உள்ளவர் ஒரு நாள் முன்னதாகவே சென்று சேர்தல் அறிவுடைமை.

தொகுத்துக் கூறின், நம் ஊர்க்கும் சென்னைக்கும் குடும்பத்தோடு செல்வார்க்கு இரவுப் புகைவண்டி முதலாவது; படுக்கை கிடையாக்கால், நெடுநேரம் அமரவல்லார்க்குப் பகல் விரைவுவண்டி அடுத்தது; நோயும் அவசரமும் நெடுந்தொலைவும் நேர்ந்துழி விமானமே முதலாவது. சென்னையிலிருந்து சீட்டு வாங்கி அனுப்பும் பழைய மாணவ அன்பர்கள் ஒன்று செய்தல் நன்று. விலையைப் பார்க்குமுன், ஊரிலுள்ள தாயைத் தொலைபேசியில் அழைத்து, ‘அம்மா, முழங்கால் எப்படி இருக்கிறது? எத்தனை மூட்டை கொண்டு வருகிறீர்கள்?’ என்று கேட்பின், எந்தச் சீட்டை வாங்குவது என்பது பெரும்பாலும் அப்பொழுதே தெளிவாகிவிடும்.