பங்கு பிரிக்கும் முன் வீட்டை மதிப்பிடுதல்: குடும்பத்தார் செய்ய வேண்டியவை



அத்தா மௌத்தானபின் விட்டுச் சென்ற ஒரே சொத்து வீடாக இருக்கும். அதில் ஒரு மகன் குடியிருப்பார். மற்றவர்களின் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடுகிறேன் என்பார். பங்கு எவ்வளவு என்பதில் சிக்கல் இல்லை. சூரத்துன் நிஸாவின் 11, 12ஆம் வசனங்கள் அதைத் தெளிவாக்கிவிட்டன. எந்தத் தொகையில் பங்கு என்பதில்தான் பேச்சு நின்றுபோகிறது. நம் டிரஸ்டுக்கு வரும் குடும்ப விவகாரங்களில் இது அடிக்கடி காணப்படுவது. ஆகவே, வீட்டை மதிப்பிடும் வேலை தாமதமின்றியும் மனக்கசப்பின்றியும் முடிய என்ன செய்யலாம் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

மதிப்பு ஏன் முக்கியம்?

மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் வாரிசுகள் என்று வைத்துக்கொள்வோம். கடன், மஹர் பாக்கி, வஸிய்யத் எதுவும் இல்லை. வீட்டின் சந்தை விலை 48 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 6 லட்சம். மீதி 42 லட்சத்தை ஆறு பாகமாக்கினால் ஒரு பாகம் 7 லட்சம். மகன்களுக்குத் தலா 14 லட்சம், மகள்களுக்குத் தலா 7 லட்சம்.

இப்போது அதே வீட்டை, அரசு வழிகாட்டி மதிப்பு 24 லட்சம்தான் என்று சொல்லிக் கணக்கிட்டால் என்ன ஆகும்? மகளுக்குக் கிடைப்பது மூன்றரை லட்சம். பங்கு விகிதம் சரியாகத்தான் இருக்கிறது, ஹக் பாதியாகிவிட்டது. வழிகாட்டி மதிப்பு என்பது பத்திரப் பதிவில் முத்திரைத் தீர்வை கணக்கிடுவதற்கு அரசு வைத்திருக்கும் அளவு. அது பல ஊர்களில் சந்தை விலையோடு ஒத்துப்போவதில்லை. உடன்பிறந்தவர்களுக்குள் கணக்குத் தீர்க்க அது போதாது.

அத்தா மௌத்தாகிப் பத்தாண்டு ஆகியிருந்தால், அன்றைய விலையைப் பேசுவதும் சரியல்ல. அன்று முதலே எல்லா வாரிசுகளும் அந்த வீட்டில் பங்குதாரர்கள். எனவே பிரிக்கும் காலத்து விலையே நியாயமானது.

முதலில் எடுத்து வைக்க வேண்டிய பத்திரங்கள்

மதிப்பீட்டாளர் வந்தபின் பீரோவைத் துழாவுவதே தாமதத்தின் முதல் காரணம். கீழ்க்கண்டவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வையுங்கள்.

1. கிரயப் பத்திரமும் மூலப்பத்திரமும்.
2. பட்டாவும் நில அளவை வரைபடமும்.
3. வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பித்துப் பெறலாம்.
4. கட்டட வரைபட அனுமதி. மாடி பின்னால் கட்டியிருந்தால் அதற்குரிய அனுமதியும்.
5. சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது.
6. வாடகைக்கு விட்டிருந்தால் வாடகை ஒப்பந்தம்.
7. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று.

பத்திரத்திலும் பட்டாவிலும் உள்ள அளவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பத்திரத்தில் 1,800 சதுர அடி என்றும் பட்டாவில் 4 சென்ட் என்றும் இருந்தால், பட்டாப்படி 1,742 சதுர அடிதான் வருகிறது. இந்த வித்தியாசத்தை மதிப்பீட்டாளரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

யாரை அழைப்பது?

வருமான வரித்துறையில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை அழைப்பது நல்லது. இடத்தரகர் சொல்லும் வாய்மொழி விலை பிறகு நிற்காது. எவருக்கும் நெருங்கியவராக இல்லாத ஒருவரை எல்லா வாரிசுகளும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். கட்டணத்தை முதலிலேயே பேசி, பொதுச் செலவாக வையுங்கள். ஒருவர் மட்டும் பணம் கொடுத்தால் அறிக்கை அவர் பக்கம் சாய்ந்தது என்ற பேச்சு வரும்.

அவர் வரும் நாளில்

பொதுவாக அவர் மனைக்கு ஒரு விலை, கட்டடத்துக்கு ஒரு விலை எனத் தனித்தனியாகப் போடுவார். அக்கம்பக்கத்தில் அண்மையில் நடந்த கிரயங்களை வைத்து மனைக்கு. பரப்பு, கட்டுமானத் தரம், வயதுத் தேய்மானம் பார்த்துக் கட்டடத்துக்கு. ஆகவே அவர் அளக்கவும் பார்க்கவும் தடையில்லாமல் செய்தால் போதும்.

எல்லா அறைகளின் சாவியும், மொட்டை மாடிச் சாவியும் கையில் இருக்கட்டும். பூட்டிய அறை ஒன்று இருந்தால் இன்னொரு நாள் வர வேண்டியதாகும். சுற்றுச்சுவர் ஓரத்தில் குவித்த சாமான்களை அகற்றுங்கள். குடித்தனக்காரருக்கு முன்பே சொல்லுங்கள். வீட்டுப் பெண்களுக்கும் நேரத்தைத் தெரிவித்து, உடன் செல்ல வீட்டு ஆண் ஒருவர் இருக்கட்டும். கட்டிய ஆண்டு, மாடி எழுப்பிய ஆண்டு, பெரிய பழுதுபார்ப்புகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

இதற்காகப் புதிதாக வெள்ளையடிக்க வேண்டியதில்லை. நீர்க்கசிவையும் விரிசலையும் மறைக்கவும் வேண்டாம், பெரிதாக்கிக் காட்டவும் வேண்டாம். "இவ்வளவுக்குள் போடுங்கள்" என்று எவரும் காதில் சொல்லக் கூடாது. வாரிசுகள் எல்லோரும், வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் ஒருவரும், உடனிருப்பது நலம். சகோதரிகளை "நீங்கள் எதற்கு" என்று ஒதுக்காதீர்கள். 7ஆம் வசனம் பெண்களின் பங்கைப் பெயர் சொல்லியே நிலைநாட்டுகிறது.

அறிக்கையில் கேட்க வேண்டியவை

ஒரு மகன் தன் சம்பாத்தியத்தில் மாடி கட்டியிருந்தால், மனை, கீழ்த்தளம், மாடி என மூன்றையும் தனித்தனியே காட்டச் சொல்லுங்கள். மாடிச் செலவு யாருடையது என்பதை ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் பேசித் தீர்க்க அந்தப் பிரிவு உதவும். வீட்டை வெளியாருக்கு விற்பதாகவும், அது 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதாகவும் இருந்தால், அந்தத் தேதியின் மதிப்பையும் கேளுங்கள். மூலதன ஆதாய வரிக் கணக்குக்குத் தேவைப்படும். வாரிசுகளில் சிறுவர் இருந்தால், அவர் பங்கைக் கைமாற்றும் முன் வழக்கறிஞரைக் கலந்தே செய்யுங்கள். அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம்.

அறிக்கையின் நகல் ஒவ்வொரு வாரிசிடமும் இருக்கட்டும். எவருக்காவது திருப்தி இல்லையென்றால், இரண்டாம் மதிப்பீட்டாளரை அழைத்து இரண்டின் சராசரியை ஏற்பது என்று தொடக்கத்திலேயே எழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள். தொகை தெரிந்தபின் விதி பேசினால் அது சண்டையில் முடியும்.

இத்தனையும் செய்ய ஒரு வாரம் போதும். பிரிக்காமல் தள்ளிப்போட்டால், வாரிசுகளில் ஒருவர் மௌத்தாகி, அவருடைய வாரிசுகளும் கணக்கில் சேர்ந்துவிடுவர். பிறர் ஹக் நம் கையில் இருக்கும்வரை அது அமானத். அதை உரியவரிடம் சேர்ப்பதில் அல்லாஹ் நம் அனைவருக்கும் உதவி செய்வானாக. ஆமீன்.