இன்சுலின்: மருந்தா, உடம்பின் சொந்தச் சரக்கா?

2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முதலிடம். இன்சுலினைப் பற்றிய கதைகளும் நம் வீடுகளில்தான் அதிகம்.

நம்பிக்கை: அது ரசாயன மருந்து, தொடங்கினால் அடிமையாகிவிடுவோம்.

உண்மை: 51 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தைக் கணையமே அன்றாடம் சுரக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு ஊசி போட்ட பெண்களில் பெரும்பாலோர் பிரசவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அடிமைப்படுத்தும் சரக்கை அப்படி விட முடியுமா? முதல் வகை நீரிழிவுக்காரர்களால் நிறுத்த முடியாததற்குக் காரணம் ஊசி அல்ல. அவர்களின் கணையம் சுரப்பதில்லை.

நம்பிக்கை: ஊசி போட்டால் கண்ணும் கிட்னியும் போய்விடும்.

உண்மை: அவற்றைக் கெடுப்பது ஆண்டுக்கணக்கில் அடங்காத சர்க்கரை. ஊசிக்குப் பயந்து தள்ளிப்போட்டு, அவை கெட்ட பிறகு கடைசியில் ஊசிக்கு வருகிறோம். பழி ஊசிக்குப் போகிறது.

நம்பிக்கை: பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுக்கிறார்கள்.

உண்மை: முன்பு அப்படித்தான். 1922-இல் டொராண்டோவில் 14 வயது லெனர்ட் தாம்சனுக்குப் போட்டது மாட்டுக் கணையச் சாறு. மனித இன்சுலினிலிருந்து பன்றியுடையது ஓர் அமினோ அமிலத்திலும் மாட்டுடையது மூன்றிலும் மட்டுமே வேறுபடும். அதனால் அவை பல பத்தாண்டுகள் உயிர்காத்தன. ஆனால் முஸ்லிம்களுக்குப் பன்றி சங்கடம், இந்துக்களுக்கு மாடு. 1982-இல் மரபணுத் தொழில்நுட்பத்தால் உருவான மனித இன்சுலின் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று பெங்களூரின் பயோகான் நிறுவனம் நம் ஜொகூரிலேயே, இஸ்கண்டார் புத்ரியில், இன்சுலின் ஆலை நடத்துகிறது. அந்நிறுவனத்தின் முறையில் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஒருவகை ஈஸ்ட்டுக்குள் செலுத்திப் பெரிய கலன்களில் வளர்க்கிறார்கள். ஈஸ்ட் உருவாக்கும் புரதத்தைப் பிரித்துச் சுத்திகரிக்கிறார்கள். பன்றிக்கும் அங்கே வேலையில்லை, மாட்டுக்கும் இல்லை.

நம்பிக்கை: இயற்கை ஹார்மோன்தானே, கூடக்குறையப் போட்டால் என்ன? இன்சுலின் செடியின் இலையையே மெல்லலாமே?

உண்மை: இதுதான் மிக ஆபத்தானது. அந்த இலையில் இன்சுலின் கிடையாது. இருந்தாலும் வயிறு அதை மற்றப் புரதங்களைப் போலச் செரித்துவிடும். ஊசியாகப் போடுவதே அதனால்தான். மேலும், ஊசியில் வருவதெல்லாம் உடம்பில் சுரப்பதன் அச்சுப்பிரதி அல்ல. கிளார்ஜின் என்ற வகையில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, இரண்டைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய 24 மணி நேரம் வேலை செய்வதற்காக. கணையம் தேவையறிந்து சுரக்கும், இன்சுலின் ஊசிப் பேனாவுக்கு அது தெரியாது. அளவு கூடினால் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும், உயிரும் போகலாம். ஆகவே பிறப்பால் ஹார்மோன், பயன்பாட்டில் மருந்து, இரண்டுமே சரி.

அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் கிளினிக் டாக்டரின் வேலை. அவரைக் கேட்காமல் ஊசியை நிறுத்தாதீர்கள்.