முத்துத் துறைமுகத்தில் அரைநாள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (வேதியியல்)

உப்பு நீரில் கிடக்கும் இரும்பு என்னவாகும் என்பது வேதியியல் மாணவர் அனைவரும் அறிந்த பாடம். அந்த இரும்பு 608 அடி நீளமுள்ள ஒரு போர்க்கப்பலாக இருந்து, அதனுள்ளே தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் உடல்களும் தங்கிவிட்டால், அந்தப் பாடம் வேதியியலோடு முடிந்துவிடுவதில்லை.

பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் ஒவாஹு என்றொரு தீவு இருக்கிறது. அதன் தென்கரையில் உள்ளது பேர்ல் ஹார்பர். முத்துச் சிப்பிகள் மிகுந்திருந்ததால் அப்பெயர் பெற்ற அதனை நாம் முத்துத் துறைமுகம் எனலாம். அங்கே 1941 டிசம்பர் 7ஆம் நாள் மூழ்கிய 'அரிசோனா' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் இன்றும் நீரடியில் கிடக்கிறது. அதன் மேல் எழுப்பப்பட்ட நினைவகத்தைக் காண ஹோனலூலு நகரிலிருந்து வழிகாட்டியுடன் அரைநாள் சுற்றுலாக்கள் நடைபெறுகின்றன. நான் அங்குச் சென்றவனல்லன். படித்தும் படங்களைப் பார்த்தும் அறிந்தவற்றை, அச்சுற்றுலா செல்லும் வரிசையிலேயே இங்குத் தருகிறேன். நினைவகம் ஒன்றை எவ்வாறு காண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கரையில் இருக்கும் கண்காட்சி

சுற்றுலாப் பேருந்து காலையிலேயே புறப்பட்டுவிடும். நினைவக வளாகத்துள் பைகளைக் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. கரையிலுள்ள கண்காட்சிக் கூடங்கள் இரண்டு. ஒன்று போருக்கு இட்டுச் சென்ற நிகழ்ச்சிகளையும், மற்றொன்று தாக்குதலையும் விளக்குகின்றன. படகேறும் அவசரத்தில் பலர் முதற்கூடத்தை விரைந்து கடந்துவிடக்கூடும். மாணவர்கள் அவ்வாறு செய்யலாகாது. 'ஏன்' என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

விடை ஒரு சொல்லில் அடங்காது. எனினும் அதில் பெரும்பங்கு எண்ணெய்க்கு உண்டு. 1937 முதல் சீனாவில் போரிட்டு வந்த ஜப்பான் தன் எண்ணெய்த் தேவையில் பெரும்பகுதியை அமெரிக்காவிடமிருந்தே வாங்கியது. 1941 ஜூலையில் ஜப்பானியப் படைகள் தென் இந்தோசீனாவில் நுழைந்தன. அமெரிக்கா தன்னிடமிருந்த ஜப்பானியச் சொத்துகளை முடக்கியது. எண்ணெய் ஏற்றுமதியும் நின்றது. டச்சுக்காரர்கள் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெயைக் கைப்பற்ற ஜப்பான் முனைந்தது. அதற்குத் தடையாக வரக்கூடிய அமெரிக்கக் கப்பற்படையை முன்னதாகவே முடமாக்கிவிட வேண்டும் என்பது அதன் தளபதிகளின் திட்டம்.

இரண்டாம் கூடத்தில் அறிவியல் மாணவர் கற்க வேண்டிய செய்திகள் இரண்டு. விமானத்திலிருந்து கடலில் வீசப்படும் டார்பிடோ முதலில் ஆழமாக மூழ்கிப் பின்னரே மேலெழும். இத்துறைமுகத்தின் ஆழமோ 40 அடி அளவே. ஆகவே இங்கே டார்பிடோ பயன்படாது என்று பலர் நம்பியிருந்தனர். ஜப்பானியர் அதன் வாலில் மரத்தாலான துடுப்புகளைப் பொருத்தி, ஆழமாக மூழ்காமல் ஓடச் செய்தனர்.

மற்றொன்று ரேடார் பற்றியது. அன்று காலை 7.02 மணிக்கு, தீவின் வடமுனையில் ஓபானா என்ற இடத்து ரேடாரில் பெருந்திரளாக விமானங்கள் வருவது தெரிந்தது. அப்போது அவை 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தன. பணியிலிருந்த இரு வீரர்கள் உடனே செய்தி அனுப்பினர். அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய விமானங்களே அவை என்று எண்ணிய அதிகாரி, கவலைப்பட வேண்டாம் என்று கூறிவிட்டார். கருவி சரியாகவே கண்டது. கண்டதற்குப் பொருள் கொள்வதில்தான் மனிதர் தவறினர். ஆய்வகத்தில் எதிர்பார்த்த விடையையே அளவீட்டில் தேடும் நம் எல்லோருக்கும் இது பொருந்தும் அன்றோ!

ஏழு ஐம்பத்தைந்து

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து ஏறத்தாழ 350 ஜப்பானிய விமானங்கள் இரண்டு அலைகளாக வந்தன. காலை 7.55 மணிக்குத் தாக்குதல் தொடங்கியது. சில நிமிடங்களில், கவசத்தைத் துளைக்கும் 800 கிலோ அளவிலான குண்டொன்று அரிசோனாவின் முன்பகுதியில் விழுந்தது. கீழே வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. கப்பல் நிமிடங்களில் அமிழ்ந்தது. இரண்டு நாட்களுக்கும் மேலாக எரிந்தது.

அக்கப்பலில் மட்டும் 1,177 பேர் மாண்டனர். அன்று உயிரிழந்த அமெரிக்கர் மொத்தம் 2,400 பேர் அளவில் எனில், ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த ஒரு கப்பலில் இருந்தவர்களே. இறந்தோரில் பொதுமக்களும் உண்டு. அவர்களிற் பலர், வானை நோக்கிச் சுடப்பட்ட அமெரிக்கக் குண்டுகள் நகரில் வந்து விழுந்ததால் மாண்டனர். ஜப்பானியர் தரப்பில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர்.

படகில் ஏறியபின்

கரையிலிருந்து நினைவகத்துக்குக் கடற்படையினர் செலுத்தும் படகில் செல்ல வேண்டும். வழியில், அன்று போர்க்கப்பல்கள் கட்டப்பட்டிருந்த கான்கிரீட் மேடைகள் வெண்ணிறத்தில் நீரிலிருந்து எழுந்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் அந்தந்தக் கப்பலின் பெயர் எழுதப்பட்டுள்ளது. வழிகாட்டி 'வெஸ்ட் வர்ஜீனியா' என்ற பெயரைச் சுட்டும்போது டோரிஸ் மில்லரை நினைக்க வேண்டும்.

அவர் டெக்சாஸ் மாநிலத்துக் குத்தகை உழவர் ஒருவரின் மகன்; கறுப்பினத்தவர். அக்காலக் கடற்படையில் கறுப்பினத்தவர்க்குச் சமைப்பதும் பரிமாறுவதும் போன்ற வேலைகளே தரப்பட்டன. துப்பாக்கிப் பயிற்சி இல்லாத அவர், அன்று காயமுற்றோரைச் சுமந்து சென்றதோடு, ஆளற்றுக் கிடந்த இயந்திரத் துப்பாக்கியை எடுத்து விமானங்களை நோக்கிச் சுட்டார். 1942இல் அவருக்குக் கடற்படைச் சிலுவை என்னும் உயர்ந்த விருது வழங்கப்பட்டது. 1943இல் வேறொரு கப்பலில் இருந்தபோது போரில் உயிரிழந்தார். துப்பாக்கியைத் தொடும் தகுதி அவருக்கு இல்லை என்று விதித்திருந்த அதே கடற்படை, ஒரு விமானந்தாங்கிக் கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டுவதாக 2020இல் அறிவித்தது. தகுதி மனிதரிடம் முன்பே இருந்தது. அதைக் காணத்தான் எண்பது ஆண்டுகள் ஆயின.

வெண்ணிற மண்டபம்

நினைவகம் 184 அடி நீளமுள்ள வெண்ணிற மண்டபம். கப்பலின் குறுக்கே பாலம்போல் அமைந்திருக்கிறது; எனினும் கப்பலின் உடலை அது தொடவில்லை. இரு முனைகளும் உயர்ந்து, நடுப்பகுதி தாழ்ந்திருக்கும். தொடக்கத்தின் தோல்வியையும் முடிவின் வெற்றியையும் இவ்வடிவம் குறிப்பதாகக் கூறுவர். 1962 மே 30ஆம் நாள் இது திறந்துவைக்கப்பட்டது.

இதனை வடிவமைத்த ஆல்ஃபிரட் பிரைஸ் ஆஸ்திரியாவில் பிறந்தவர். நாஜிகளுக்குத் தப்பி ஹவாய்க்கு வந்தவர். முத்துத் துறைமுகம் தாக்கப்பட்டதும், பகை நாட்டவர் என்று கருதப்பட்டு அமெரிக்க அரசால் சில மாதங்கள் காவலில் வைக்கப்பட்டார். அச்சத்தின் விளைவு அவரோடு நிற்கவில்லை. 1942இல் அமெரிக்கப் பெருநிலத்தின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்! காவலில் இருந்த ஒருவரே பின்னாளில் அந்நாட்டின் துயரத்துக்கு வடிவம் தந்தார் என்பது எண்ணத்தக்கது.

மண்டபத்தின் கடைசி அறையில் பளிங்குச் சுவர். அதில் 1,177 பெயர்கள். அவற்றுள் ஒரு தந்தையும் மகனும் உண்டு. உடன்பிறந்தார் முப்பது குடும்பங்களுக்கு மேல் அக்கப்பலில் பணிபுரிந்தனர். அவ்வாறு பணிபுரிந்தவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பலின் இசைக்குழுவினர் 21 பேரும் ஒருவர் மிஞ்சாமல் மடிந்தனர்.

வீரனின் பெயரைப் பொறித்துக் கல் நடுவது தமிழர் அறியாத வழக்கமன்று. நடுகல்லுக்குரிய நிலைகளைத் தொல்காப்பியமே வகுத்துரைக்கிறது. ஆனால் நடுகல் ஒரு செயலைச் சொல்லும். ஆநிரை மீட்டவன், ஊர் காத்தவன் என்று கூறும். இந்தப் பளிங்குச் சுவரிலுள்ளவர்களில் பலருக்கு ஒரு செயலும் செய்ய நேரம் கிடைக்கவில்லை. சிலர் காலை உணவில் இருந்தனர். சிலர் படுக்கையிலிருந்து எழக்கூட இல்லை. அவர்களைப் பற்றிச் சொல்ல இருப்பது பெயர் ஒன்றே. அதனால் அப்பெயரை முழுமையாகப் படிப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

அவர்களிற் பலர் பதினேழு முதல் இருபத்திரண்டு வயதுக்குட்பட்டவர்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், உணவும் உடையும் உறுதியான ஊதியமும் கிடைக்கும் என்று கடற்படையில் சேர்ந்தோர் ஏராளம். புதிதாகச் சேர்பவர்க்கு மாதம் 21 டாலர். எனக்கும் வயது இருபது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனக்கு முன்னே, வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிப் பத்தாம் வகுப்போடு பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் எங்கள் ஊர்த் தெருவில் இருக்கிறார்கள். எந்த நாட்டிலும் போரை முடிவு செய்பவர்கள் ஒரு வயதினர். போய்ச் சாகிறவர்கள் வேறொரு வயதினர். அந்தச் சுவரில் என்னால் அயலார் பெயர்களைக் காண முடியவில்லை.

எண்ணெயும் இரும்பும்

மண்டபத்திலிருந்து கீழே பார்த்தால் நீரின்மேல் வானவில் நிறங்கள் படர்ந்து நிற்கும். கப்பலின் எண்ணெய்தான் அது. ஒளியின் அலைநீளத்தை ஒத்த தடிமனுள்ள எண்ணெய்ப் படலத்தில் ஒளிக்குறுக்கீடு நிகழ்வதால் தோன்றும் நிறங்கள் அவை. மக்கள் அதனைக் 'கறுப்புக் கண்ணீர்' என்று அழைக்கிறார்கள்.

தாக்குதலுக்கு முதல்நாள்தான் அரிசோனா எண்ணெய் நிரப்பிக்கொண்டது; ஏறத்தாழ 57 லட்சம் லிட்டர். பெரும்பகுதி எரிந்தும் கசிந்தும் போக, 19 லட்சம் லிட்டர் அளவுக்கு இன்னும் உள்ளே இருப்பதாக மதிப்பிட்டுள்ளனர். நாளொன்றுக்கு எட்டரை லிட்டர் வரை கசிகிறது. இதே வீதத்தில் கசிந்தால் முழுவதும் தீர அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

ஆனால் இரும்பு அறுநூறு ஆண்டுகள் காத்திராது. நீரும் ஆக்சிஜனும் சேருமிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகிறது. உப்புக் கரைந்த கடல்நீர் நல்ல மின்பகுளியாக அமைந்து அரிமானத்தை விரைவுபடுத்துகிறது. அதே சமயம் கடலுயிரிகள் படிந்து உருவான கெட்டியான மேலோடு ஆக்சிஜன் உட்செல்வதைத் தடுத்து, அரிமானத்தைத் தாமதப்படுத்துகிறது. தேசியப் பூங்காத் துறையின் மூழ்காளர்களும் ஆய்வாளர்களும் 1980கள் முதல் இக்கப்பலை அளந்து ஆராய்ந்து வருகின்றனர்.

எண்ணெயை வெளியே எடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அதற்குக் கப்பலைத் துளைக்க வேண்டும். அது கல்லறையைத் துளைப்பதாகும். எடுக்காவிட்டால், என்றேனும் ஒருநாள் கப்பல் சிதைந்து துறைமுகம் மாசுறக்கூடும். இறந்தவர்க்குரிய மரியாதையும் இருக்கும் கடலுக்குரிய கடமையும் இங்கே நேருக்கு நேர் நிற்கின்றன. இதுவரை எண்ணெயை வெளியேற்றாமல், கண்காணித்தே வருகிறார்கள். அறிவியல் இதில் காலத்தைக் கணக்கிட்டுத் தரலாம். முடிவை மனிதர்தாம் எடுக்க வேண்டும்.

எந்த எண்ணெய்க்காகப் போர் மூண்டதோ, அந்த எண்ணெயே எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் சொட்டுச் சொட்டாக மேலே வந்துகொண்டிருக்கிறது.

திரும்பும் வழி

சிறிது தொலைவில் 'மிசௌரி' என்ற போர்க்கப்பல் நிற்கிறது. 1945 செப்டம்பர் 2ஆம் நாள் டோக்கியோ விரிகுடாவில் அதன் மேல்தளத்தில்தான் ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டது. போரின் தொடக்கமும் முடிவும் ஒரே பார்வையில் தெரிகின்றன. எனினும் அவ்விரண்டுக்கும் இடையே ஹிரோஷிமாவும் நாகசாகியும் இருப்பதை மறந்து அக்காட்சியை முழுமை என்று கொள்ள முடியாது.

அரைநாள் சுற்றுலாக்களிற் பல, திரும்பும் வழியில் பஞ்ச்பௌல் என்ற அவிந்த எரிமலை வாயில் அமைந்த படைவீரர் கல்லறையைக் காட்டுகின்றன. 'ஓக்லஹாமா' கப்பலில் மாண்ட 429 பேரில் பெரும்பாலோர் பெயர் தெரியாதவர்களாக அங்கே புதைக்கப்பட்டிருந்தனர். 2015 முதல் அவ்வுடல்கள் தோண்டியெடுக்கப்பட்டு, உறவினரின் டி.என்.ஏ.வுடன் ஒப்பிடப்பட்டன. 2021க்குள் 350க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டனர். குண்டைத் துல்லியமாக்கிய அதே அறிவியல் எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு தாயின் பிள்ளைக்குப் பெயரைத் திருப்பித் தந்திருக்கிறது. அறிவியல் பயிலும் நாம் எந்தப் பக்கம் நிற்கப்போகிறோம் என்பதை இதைக் காட்டிலும் தெளிவாகக் கேட்கும் கேள்வி உண்டோ?

முடிவுரை

அரிசோனாவில் உயிர்தப்பியவர்கள் ஏறத்தாழ 335 பேர். அவர்களுள் நாற்பதுக்கும் மேற்பட்டோர், தாம் இறந்தபின் தம் அஸ்தியைத் தோழர்களோடு சேர்க்க வேண்டும் என்று விரும்பினர். மூழ்காளர்கள் அதனைக் கப்பலுக்குள் கொண்டுசென்று வைத்தனர். அவ்வாறான கடைசி அடக்கம் 2019 டிசம்பர் 7ஆம் நாள் நடந்தது. உயிர்தப்பியவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த லூ காண்டர் 2024 ஏப்ரல் முதல்நாள் தமது 102ஆம் வயதில் காலமானார்.

'நான் கண்டேன்' என்று சொல்ல அக்கப்பலைச் சேர்ந்தவர் இனி ஒருவரும் இல்லை. இரும்பும் ஒருநாள் கரைந்துவிடும். எஞ்சப்போவது கல்லில் எழுதிய பெயர்களும், அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களும்தாம். நினைவகம் ஒன்றைக் காணச் செல்வோர் வென்றவர் யார் என்று கேட்பதோடு நில்லாமல், இறந்தவர் யார், அவர்க்கு என்ன வயது, எதற்காக இறக்க நேர்ந்தது என்றும் கேட்க வேண்டும். எழுத்தறிந்த தலைமுறையாக நம்மை ஆக்கிய பெற்றோர்க்கு நாம் செலுத்தும் கடன்களுள் இவ்வாறு கேட்கக் கற்பதும் ஒன்றாகும்.