சித்திரை, வைகாசி ஆலோசனை: வீட்டுத் தூசியும் பேட்டரி துடைப்பமும்

கடைகளில் கார்ட்லெஸ் ஸ்வீப்பர் என்று விற்கப்படும் எடைகுறைந்த பேட்டரி துடைப்பத்துக்கு வேலூர்ப் பக்கத்து விரிஞ்சிபுரம் வட்டாரத்தில் வேலை மிகுந்த காலம் பங்குனிக் கடைசியில் தொடங்கி வைகாசி முடியும்வரை நீள்கிறது. பாலாறு வெறும் மணலாகக் கிடக்கும் மாதங்கள் இவை. பத்து மணிக்கு மேல் காற்று கிளம்பினால் ஆற்றுப் பக்கமிருந்து பொடிமணல் வரும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கமிருந்து லாரிகள் கிளப்பிய தூசி வரும். வாசலில் வேப்பமரம் நிற்கும் வீடுகளில் காய்ந்த பூவும் சருகும் நிலைப்படி தாண்டி உள்ளே உருளும். விடியற்காலையில் பெருக்கித் துடைத்த கூடம் முற்பகலுக்குள் காலடியில் நறநறக்கத் தொடங்கிவிடும். அதற்காக நாளைக்கு நான்கு முறை குனிந்து பெருக்க யாருக்கும் இடுப்பு இடம் கொடுப்பதில்லை. இந்தக் கருவி அந்த இடைப்பெருக்கலுக்கு மட்டும்தான். வாசல் தெளித்து, வீடு முழுக்கக் கூட்டி, ஈரத்துணியால் துடைக்கும் காலை வேலையை இதனிடம் ஒப்படைக்க நினைத்து வாங்கினால் ஒரே மாதத்தில் அது பரணுக்குப் போய்விடும்.

கருவியின் அமைப்பு எளிது. தலைப்பகுதியின் அடியில் மயிர் பதித்த உருளை ஒன்று சுழல்கிறது. அது குப்பையைத் தள்ளிப் பின்னாலுள்ள தட்டில் சேர்க்கிறது. காற்றை உறிஞ்சும் விசிறி இதில் கிடையாது. வாக்குவம் கிளீனரிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான். உறிஞ்சல் இல்லாததால் சத்தம் குறைவு, எடையும் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை கிலோவுக்குள் அடங்கும். குழந்தை தூங்கும் அறையில்கூட ஓட்டலாம். ஆனால் வடிகட்டியும் இருக்காது. மணல், சோற்றுப் பருக்கை, மிக்சர் துகள், முடி, சருகு ஆகியவற்றை நன்றாக எடுக்கும். மாவுபோன்ற நுண்தூசியில் ஒரு பங்கைத் தரையிலேயே விட்டுவிடும், இன்னொரு பங்கைக் காற்றில் கிளப்பும். ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டில் இதை ஓட்டிய கையோடு ஈரத்துணியால் ஒருமுறை துடைப்பது கட்டாயம். ஓட்டும் நேரத்தில் அவர் வேறு அறையில் இருப்பது நல்லது.

உருளைத் துடைப்பம் புதிய சரக்கு அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் பீங்கான் கடை நடத்திவந்த மெல்வில் பிஸ்ஸல் 1876இல் கம்பளத் துடைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் மின்சாரம் இல்லை. தள்ளும்போது சக்கரங்கள் உருண்டு தூரிகையைச் சுழற்றின. மின்சாரமில்லாத அதே வகை இன்றும் விற்பனையில் இருக்கிறது. விலை குறைவு, வெயிலுக்குப் பயமில்லை. கோரைப்பாய், ஜமக்காளம் ஆகியவற்றுக்கு அது போதும். வழவழப்பான டைல்ஸில் சில மாடல்களின் சக்கரம் வழுக்குவதால் தூரிகை சரியாகச் சுற்றாது. கடையில் வெறும் தரையில் தள்ளிப் பார்த்தே வாங்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியதில் முதலாவது நேரத்தை ஒழுங்குபடுத்துவது. இந்தப் பருவத்தில் தூசி நாள் முழுக்க ஒரே சீராக வருவதில்லை. காற்று எழும் முற்பகலிலும், சாத்திய ஜன்னல்களைத் திறக்கும் மாலை நாலரை, ஐந்து மணி வாக்கிலும்தான் அதிகம் சேர்கிறது. பதினோரு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூடத்தையும் நடையையும் ஐந்து நிமிடம் ஓட்டினால் பகல் முழுவதும் தரை சுத்தமாக இருக்கும். ஜன்னல் திறந்திருக்கும்போது ஓட்டுவது வீண்வேலை. இரண்டாவது முறை விளக்கு வைப்பதற்கு முன். விளக்கு வைத்தபின் பெருக்கக் கூடாது என்ற வழக்கம் இயந்திரத்துக்கும் பொருந்துமா என்று வீட்டுக்கு வீடு வழக்காடிக்கொண்டிருப்பதைவிட ஆறு மணிக்குள் முடித்துவிடுவது சுலபம். பள்ளி விடுமுறையாதலால் தின்பண்டத் துகள் எந்த நேரமும் விழும். எறும்பு வருமுன் அந்த இடத்தை மட்டும் ஓட்டினால் போதும். வீடு முழுக்கத் தள்ளிக்கொண்டு போவது பேட்டரிக்கும் நல்லதல்ல, தேவையும் இல்லை.

வாசலிலிருந்து உள்நோக்கி அல்லாமல், உள்ளிருந்து வாசலை நோக்கி மெதுவாகத் தள்ள வேண்டும். வேகமாகத் தள்ளினால் உருளை மணலைத் தட்டில் சேர்க்காமல் முன்னால் தெறிக்கவிடும். ஆற்றுமணலில் குவார்ட்ஸ் மிகுதி. அது கண்ணாடியைவிடக் கடினமானது, கீறல் விழும். தட்டு நிறைந்த நிலையில் ஓட்டினால் மணல் உருளைக்கும் தரைக்கும் இடையில் சிக்கி, பளபளப்பான டைல்ஸிலும் பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரையிலும் வளைகோடுகள் போடும். இந்த மாதங்களில் ஒவ்வொரு முறையும் தட்டைக் காலி செய்வது வழக்கமாக வேண்டும். காலி செய்த தூசியைத் தெருவில் வீசினால் அடுத்த காற்றில் திரும்பி வரும். சிறிது தண்ணீர் தெளித்துக் குப்பைக் கூடையில் போடலாம்.

சில வேலைகளுக்கு இதை எடுக்கவே கூடாது. பங்குனி, சித்திரையில் பல வீடுகளில் புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை நடக்கும். அந்த ஓடும் நாரும் பிசுக்கும் உருளையில் ஒட்டினால் எளிதில் போகாது. அதற்குத் தென்னந்துடைப்பம்தான். கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணிச் சாம்பலில் கண்ணுக்குத் தெரியாத கனல் இருக்கலாம், தட்டோ பிளாஸ்டிக். சிந்திய சட்னி, சாம்பார், ஈரத்துணியால் துடைத்த தரை எதிலும் ஓட்டக் கூடாது. கோடை மழையை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். வேலூர்ப் பக்கம் மே மாத மாலைகளில் முதலில் புழுதிக்காற்று, பிறகு இடி, பிறகு மழை என்ற வரிசையில் வரும். புழுதி வந்தவுடன் ஓட்டத் தோன்றும். பொறுத்து, மழை நின்று, தரையின் ஈரம் முழுவதும் காய்ந்தபின் ஓட்டினால் சேறு உருளையில் அப்பாது. இடி கேட்கும்போது சார்ஜர் பிளக்கில் இருக்கக் கூடாது.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரத்தை ஒட்டிய வீடுகளுக்குத் தனிக் கவனம் ஒன்று உண்டு. ஷூவின் மேல்பகுதியான அப்பரைக் கையால் தைத்துத் தரும் வேலையை வீட்டிலிருந்தபடியே செய்யும் பெண்கள் இப்பகுதியில் ஏராளம். தைத்து எழுந்த இடத்தில் நூல் முனைகளும் தோல் துணுக்குகளும் கிடக்கும். சில சமயம் ஊசியும். இந்த நூல் மெழுகேற்றிய கெட்டி நூல். உருளையில் மாட்டினால் அறுபடாது, சுற்றிக்கொண்டே போகும். நடுவில் சுற்றினால் கண்ணுக்குத் தெரியும், எடுத்துவிடலாம். கெடுதல் செய்வது உருளையின் இரு ஓரங்களிலும் மூடிக்கு அடியில் நுழையும் நூல்தான். அங்கே அது அச்சைச் சுற்றி இறுகி, சுழலும்போது உராய்ந்து சூடேறி, அச்சைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ்ஷைத் தேய்த்துவிடும். மோட்டார் சத்தம் கனத்துக் கேட்பதும், தள்ளும்போது ஒரு பக்கம் இழுப்பதும் அதற்கு அறிகுறி. ஸ்விட்சை அணைத்து, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, உருளையை வெளியே எடுத்து, ஓர மூடியை நீக்கி, நூல் வெட்டும் கத்தரியின் முனையால் குறுக்காக அறுத்து இழுக்க வேண்டும். பல உருளைகளில் மயிர் வரிசைகளுக்கிடையே நீளவாக்கில் ஒரு பள்ளம் விடப்பட்டிருப்பது கத்தரி போவதற்காகத்தான். தையல் நடக்கும் வீட்டில் வாரம் இருமுறை இதைச் செய்வது அவசியம். நீண்ட கூந்தல் உள்ள வீட்டிலும் இதே கதிதான்.

ஓட்டுவதற்கு முன் ஊசியைப் பொறுக்கிவிட வேண்டும். காந்தத் துண்டு ஒன்றை நூலில் கட்டித் தரையோடு இழுத்தால் இரும்பு ஊசி ஒட்டிக்கொள்ளும்; உருளையில் சிக்கிய ஊசி, தட்டைக் காலி செய்யும் விரலைத்தான் தேடிவரும்.

தட்டில் சேரும் தோல் துணுக்கைக் குப்பையோடு எரிப்பது, வெந்நீர் அடுப்பில் போடுவது இரண்டும் ஆபத்து. இப்பகுதியில் பதனிடப்படும் தோலில் பெரும்பங்கு குரோமியம் ஏற்றியது. தோலில் இருக்கும் மூவிணைதிறக் குரோமியம் எரியும்போது அதிக நச்சுள்ள, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஆறிணைதிற வடிவமாக மாறக்கூடும். செடிக்குப் போடும் மக்கு எருவிலும் இத்துணுக்குகளைச் சேர்க்கக் கூடாது. தனிப் பையில் சேர்த்து, வேலை கொடுப்பவரிடமே மிச்சத் துண்டுகளோடு திருப்பித் தருவது சரியான வழி. தோல் தேய்க்கும் பிரிவில் வேலை செய்கிறவர்களின் துணியில் படிந்து வரும் பொடிக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்தவே கூடாது. அந்த உடுப்பை முற்றத்திலேயே களைந்து தனியாக அலசி, தரையை ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.

இனிப் பேட்டரி. இங்கே இந்தக் கருவிகள் கெடுவதற்கு உழைப்பைவிட வெப்பமே பெரிய காரணம். வேலூரில் மே மாதத்தில் பகல்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். மே 4 வாக்கில் பிறக்கும் அக்னி நட்சத்திரம் மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும். லித்தியம் அயனி பேட்டரியைச் சார்ஜ் செய்வதற்குப் பொதுவாகக் குறிக்கப்படும் வெப்ப வரம்பு 0 முதல் 45 டிகிரி வரை. ஷீட் கூரை வீட்டின் நடுப்பகல், பரண், மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரி, வெயிலில் நிற்கும் கார் ஆகியவை அந்த வரம்பை எளிதில் எட்டும். அந்த வெப்பத்தில் சார்ஜ் ஏறினால் பேட்டரி உடனே வெடித்துவிடும் என்பதில்லை. ஒவ்வொரு கோடையிலும் அதன் கொள்ளளவு சத்தமில்லாமல் குறையும். அரை மணி ஓடியது அடுத்த ஆண்டு பத்து நிமிடத்தில் நின்றுபோவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். மலிவான மாடல்களில் வரும் நிக்கல் பேட்டரி சார்ஜ் ஏறும்போது தானாகவே சூடாகும் இயல்புள்ளது. அதற்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

ஆகவே சார்ஜ் போடும் நேரம் விடியற்காலை. ஐந்து மணிக்குச் செருகினால் பெரும்பாலான மாடல்கள் எட்டு, ஒன்பது மணிக்குள் நிறைந்துவிடும். வீட்டில் ஆட்களும் விழித்திருப்பார்கள். ஓட்டி முடித்த சூட்டோடு செருகாமல் அரை மணி ஆறவிட வேண்டும். நிறைந்தபின் பிளக்கிலேயே நாளெல்லாம் விட்டுவைப்பதும், மெத்தை மேலோ துணிக்குவியல் மேலோ வைத்துச் சார்ஜ் செய்வதும் கூடாது. கிழக்கு அறையின் தரைமட்டம் பிற்பகலில் பொதுவாகக் குளிர்ந்த இடமாக இருக்கும். கருவியை அங்கேயே சாய்த்து வைக்கலாம். மின்செலவைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. 7.2 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரி நிறைவதற்கு 14.4 வாட்-மணி வேண்டும். இழப்பைச் சேர்த்து 20 என்று கொண்டாலும் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஐம்பது முறை சார்ஜ் ஆகும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெருக்களில் சார்ஜரின் மேல் 100–240 வோல்ட் என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பது பயன்தரும். பழைய செல்போன் சார்ஜரையோ வேறு கருவியின் சார்ஜரையோ முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகக் கூடாது.

புதிதாக வாங்குகிறவர்கள் கோடைத் தள்ளுபடியைப் பார்க்குமுன் பேட்டரி கழற்றி மாற்றக்கூடியதா, உருளை தனியாகக் கிடைக்குமா, வேலூரிலோ ஆம்பூரிலோ பழுதுபார்க்கும் இடம் உண்டா என்று விசாரிப்பது நல்லது. பேட்டரியை உடலோடு ஒட்டி மூடிய மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் இந்த வெயில் ஊருக்கு ஏற்றதல்ல. லித்தியம் பேட்டரியில் ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண்ணும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். கைப்பிடியின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். குனியாமல் பெருக்கத்தான் இதை வாங்குவது. பல மாடல்களின் பிடி, உயரமானவர்களைப் பாதி குனிய வைக்கிறது. கட்டிலுக்கடியில் தலைப்பகுதி படுத்து நுழைகிறதா என்பதும் கடையிலேயே தெரிந்துவிடும்.

வைகாசிக்குப் பிறகும் ஆடிக்காற்று முடியும்வரை இதே முறையில் ஓட்டலாம். வெயில் தணிவதால் சார்ஜ் நேரத்தில் அவ்வளவு கறார் வேண்டாம். ஐப்பசி மழை பிடித்ததும் வேலை குறையும். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் கார்த்திகைக் கடைஞாயிறு விழாவுக்கு உறவினர்கள் வந்து தங்கும் வீடுகளில் தரைக்கு வருவது ஈரமணல்; அது துடைப்பத்துக்கும் மாப்புக்கும் உரியது. நீண்டநாள் எடுத்துவைப்பதானால் லித்தியம் பேட்டரியைப் பாதியளவு சார்ஜில் வைத்து, உருளையைச் சுத்தம் செய்து காயவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். உப்பிய, கசிந்த அல்லது தொடமுடியாமல் சுடுகிற பேட்டரியில் மறுபடி சார்ஜ் ஏற்றக் கூடாது. அதை வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பற்றலாம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. முனைகளில் ஒட்டுநாடா சுற்றி, வாங்கிய கடையிலோ நிறுவனத்தின் சேவை மையத்திலோ ஒப்படைக்கலாம்.