மணலில் புதைந்த நங்கூரம்

தோட்டச் சாலையின் வளைவில் நிற்கும் மின்கம்பத்தை நோக்குங்கள். அதன் மேற்பகுதியிலிருந்து ஒரு கம்பி சாய்வாக இறங்கி மண்ணுக்குள் மறைகிறது. அதன் முனையை மண்ணுக்கடியில் புதைத்த தகடு போன்ற ஒரு நங்கூரம் பற்றியிருக்கிறது. நிலம் மணற்பாங்காயின், உதிரும் மணல் அதனை எவ்வாறு பிடித்துக்கொள்கிறது?

தகட்டை இழுத்தால் அதன் மேலுள்ள மணலும் உடன் எழ வேண்டும். அம்மணலின் எடை ஒரு தடை. பக்கத்து மணலுடன் ஏற்படும் உராய்வு மற்றொரு தடை. இறுகிய மணலில் மூன்றாவது தடையும் உண்டு. நெருங்கிய மணிகள் நகர வேண்டுமாயின் ஒன்றன்மீது ஒன்று ஏறியாக வேண்டும். அதனால் மணல் விரிகிறது. இதனை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்னும் அறிஞர் 1885இல் விளக்கினார். ஈரமான கடற்கரையில் கால் வைத்ததும் பாதத்தைச் சுற்றி மணல் உலர்ந்தாற்போல் தோன்றுவது இவ்விரிவினால்தான்.

இனி, மணியின் பருமனைக் காண்போம். இறுகிய மணல் வழுக்கும்போது, ஏறத்தாழ 10 முதல் 20 மணிகள் கனமுள்ள ஒரு பட்டையாகவே வழுக்குகிறது. 0.2 மில்லிமீட்டர் மணியாயின் பட்டையின் கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் மணியாயின் 20 முதல் 40 மில்லிமீட்டர்.

வாளியில் பருமணலை இட்டு, 30 மில்லிமீட்டர் அகலத் தகட்டைப் புதைத்து இழுத்தால், பட்டை தகட்டின் அகலத்திற்கே ஈடாகிவிடும். சுற்றியுள்ள மணல் ஏறத்தாழ ஒருசேரத் தன் முழு வலிமையையும் காட்டும். 1 மீட்டர் தகட்டிலோ அதே பட்டை மிக மெல்லியது. ஓரிடத்து மணல் தளர்ந்த பின்னரே அடுத்த இடத்து மணல் முழு வலிமையை எட்டும். ஆகவே, வாளியில் கண்ட வலிமையைப் பெருக்கிக் கணக்கிட்டால், பெரிய நங்கூரம் அவ்வளவு தாங்காது. அந்தக் கணக்கை நம்பி நட்ட கம்பம் பலத்த காற்றில் சாயக்கூடும்.

திருவிழாப் பந்தலுக்கு இழுவைக் கயிறு கட்டுவோர் மணியின் பருமனைவிட ஆழத்தையும் இறுக்கத்தையும் முதலில் கவனித்தல் வேண்டும். குழியை மூடுகையில் மணலைச் சிறுசிறு அடுக்குகளாக இட்டு, ஒவ்வொன்றையும் நன்கு இடித்து இறுக்குக. நிலத்தடி நீர் உயர்ந்தால், மிதப்பு விசையினால் மணல் அழுத்தும் எடை வெகுவாகக் குறையும் என்பதையும் மறவாதீர்.

மின்கம்பத்தின் இழுவைக் கம்பியில் மாட்டைக் கட்டாதீர், துணி உலர்த்தாதீர். மழைக்காலத்தில் அது தளர்ந்திருக்கக் கண்டால், தொடாமல் விலகி நின்று, தோட்ட அலுவலகத்திற்கு உடனே தெரிவியுங்கள்.