‘எவ்வளவு மார்க் வரும்?’

பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையிடம், பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். ‘அப்படின்னா எதுக்கும்மா படிக்கணும்?’ என்று கேட்கும்.

கீதை செயலை விடச் சொல்லவில்லை. 2-ம் அத்தியாயம் 47-வது சுலோகத்தில், செயலற்று இருப்பதிலும் பற்று கூடாது என்றே பகவான் எச்சரிக்கிறார். உழைப்பு நம் கையில். பலன் அவர் கையில். இதுவே நிஷ்காம்ய கர்மம்.

‘மனசு நிற்கலையே’ என்கிறதா பிள்ளை? 6-ம் அத்தியாயத்தில் அர்ஜுனனும், மனம் காற்றைப்போல் அடங்காதது என்றே முறையிட்டான். பயிற்சியாலும் பற்றின்மையாலும் அடங்கும் என்று அருளினார் கண்ணன்.

மாலையில் விளக்கேற்றியதும் 5 நிமிடம் பிள்ளையை அருகில் அமர்த்துங்கள். மூச்சைக் கவனிக்கட்டும், மனம் ஓடினால், பதறாமல் திரும்ப அழைத்து வரட்டும். பயிற்சி அதுதான்.

பற்றின்மை? அது உங்களிடம் தொடங்கட்டும். தேர்வு எழுதி வந்ததும் மார்க்கைக் கேட்காமல், ‘சாப்பிட வா’ என்று அழையுங்கள்.